சர்க்கரை நோய் இல்லாத அம்மாவுக்கு 'லோ சுகர்': எந்த எண்ணை நம்புவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்பவருக்குக் கோத்தகிரிப் பக்கம் ஊர். அம்மாவுக்கு 47 வயது, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். சர்க்கரை நோய் கிடையாது. இரண்டு மாதமாகக் காலை பதினோரு மணி வாக்கில் கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது. எதையாவது வாயில் போட்டால் சரியாகிவிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே அப்படி வந்தபோது பக்கத்து வீட்டு மெஷினில் பார்த்தார்கள், 66. அடுத்த வாரம் ரத்தம் கொடுத்ததில் 52 என்று ரிப்போர்ட் வந்தது, ஆனால் அன்றைக்கு அம்மா நன்றாகத்தான் இருந்தார். எச்பிஏ1சி 5.3. "இது லோ சுகர்தானா? இன்னும் என்ன டெஸ்ட் எடுப்பது? பையில் சாக்லேட் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், அது போதுமா?"

நான் டாக்டர் இல்லை. குன்னூரிலும் ஊட்டியிலுமாக 27 வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். மருந்து எழுதும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் ரத்தம் எப்படி எடுக்கப்படுகிறது, போகிற வழியில் அதற்கு என்ன ஆகிறது, ரிப்போர்ட்டில் விழும் எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

உங்களிடம் இருக்கும் மூன்று எண்களில் ஒன்றுகூட லோ சுகர் என்று நிரூபிக்கவில்லை. இல்லை என்றும் நிரூபிக்கவில்லை. அம்மாவுக்கு வருகிற நடுக்கம் நிஜம், அதை யாரும் 'சும்மா பயம்' என்று தள்ளிவிடக் கூடாது. காரணம் சர்க்கரைதானா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

அந்த 52-ஐ முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் வீட்டில் எல்லோரையும் பயமுறுத்தியது அதுதான். ரத்தத்தை உடம்பிலிருந்து எடுத்து டியூபில் ஊற்றிவிட்டதால் அதிலுள்ள அணுக்கள் செத்துவிடுவதில்லை. அவை பாட்டுக்குச் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண டியூபில், பிரித்தெடுக்காமல், அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குளுக்கோஸ் குறைந்துகொண்டே போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 7 மணிக்கு எடுக்கும்போது 85 இருந்த ரத்தம், அப்படியே மத்தியானம் மூன்று மணி வரை கிடந்தால் 52-க்கு வந்து நிற்கும். மலையில் இது அடிக்கடி நடக்கிற விஷயம். ரத்தம் எடுக்கிற இடம் இங்கே, மெஷின் இருக்கிற இடம் கோயம்புத்தூரில். பெட்டி பஸ்ஸில் ஏறி, மேட்டுப்பாளையத்தில் வெயிலைப் பார்த்து, மத்தியானத்துக்கு மேல் போய்ச் சேரும். இங்கே குளிரில் மெதுவாகத் தின்ற அணுக்கள் சமவெளிச் சூட்டில் வேகமாகத் தின்னும். நான் வேலை பார்த்த ஓர் இடத்திலேயே, ஒரு வாரம் முழுக்க வந்தவர் போனவர் எல்லோருக்கும் சுகர் அறுபதுக்குள் வந்தது. வண்டி நேரத்தை மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இதற்காகத்தான் சாம்பல் நிற மூடி போட்ட டியூப் இருக்கிறது. அதில் சோடியம் ஃப்ளோரைடு இருக்கும், அது அணுக்கள் சர்க்கரையைத் தின்பதைத் தடுக்கும். அதுவும் முழுமையாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும் என்பதால், எடுத்தவுடன் ஐஸில் வைத்து, சீக்கிரம் சுழற்றி, அணுக்கள் இல்லாத நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்துவிட்டால் இன்னும் நல்லது. வெள்ளை அணுக்கள் மிக அதிகமாக இருக்கும் நோயாளிக்கு டியூபுக்குள் சர்க்கரை இன்னும் வேகமாக இறங்கும். அதனால் லேபில் கூச்சப்படாமல் கேளுங்கள்: எந்த மூடி டியூபில் எடுத்தீர்கள், எத்தனை மணிக்கு மெஷினில் போட்டீர்கள்? தொந்தரவே இல்லாத நேரத்தில் எடுத்த 52 என்றால் என் முதல் சந்தேகம் டியூப் மேல்தான்.

அடுத்து 66. இது தொந்தரவு இருந்த நேரத்தில் எடுத்தது என்பதால் 52-ஐவிட இதற்கு மதிப்பு அதிகம். ஆனாலும் வீட்டு மெஷினின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2013-இல் வந்த சர்வதேசத் தரவிதிப்படி, உண்மையான அளவு 100-க்குக் கீழே இருக்கும்போது மெஷின் 15 கூடவோ குறையவோ காட்டினால் அது நல்ல மெஷின்தான். நூற்றில் 95 தடவை அந்த வரம்புக்குள் இருந்தால் போதும். ஆக உங்கள் 66, நிஜத்தில் 51-ஆகவும் இருக்கலாம், 81-ஆகவும் இருக்கலாம். சர்க்கரை நோயாளி தினசரி ஏற்ற இறக்கம் பார்க்க இது போதும். நோய் இல்லாத ஒருவருக்கு 'லோ சுகர்' என்று பட்டம் கட்ட இது போதாது.

மலைக்காரர்களுக்கு இதில் இன்னும் சில தொல்லைகள். மெஷினுக்கு உயரம் பெரிய பிரச்சினை இல்லை. பல மெஷின்கள் சுமார் 3,000 மீட்டர் வரை தாங்கும் என்றே அட்டையில் போட்டிருக்கும், ஊட்டியே 2,240 மீட்டர்தான். குளிர்தான் பிரச்சினை. பத்து டிகிரிக்குக் கீழே பல மெஷின்கள் வேலை செய்ய மறுக்கும், அல்லது தப்பாகக் காட்டும். டிசம்பர் காலையில் ஜன்னலோரம் வைத்த மெஷினை எடுத்ததும் குத்தாதீர்கள், பத்துப் பதினைந்து நிமிடம் உள்ளே வைத்திருந்துவிட்டுப் பாருங்கள். விரல் சில்லென்று இருந்தால் ரத்தம் வராது. வராததால் பிதுக்குவோம், பிதுக்கினால் ரத்தத்தோடு திசு நீரும் கலந்து எண் மாறும். வெந்நீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, கையைத் தொங்கவிட்டு, விரல் நுனியின் ஓரத்தில் குத்துங்கள். பிளம்ஸ் உரித்த கையோடு பார்த்தால் 66 இருக்கிற இடத்தில் 150 கூடக் காட்டும். இன்னொன்று, அம்மாவுக்கு ரத்தசோகை இருந்தால் பெரும்பாலான மெஷின்கள் உள்ளதைவிடக் கூட்டித்தான் காட்டும். தோட்டத்தில் வேலை செய்கிற பெண்களில் எத்தனை பேருக்கு ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்டுவதில்லை என்பதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அந்த டெஸ்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள், விலையும் குறைவு.

எச்பிஏ1சி-யை இந்த விஷயத்தில் மறந்துவிடலாம். அது இரண்டு மூன்று மாதச் சராசரி. பத்து நிமிடம் இறங்கி ஏறியது அதில் தெரியவே தெரியாது. நம் மாவட்டத்தில் இருளர், பணியர், குறும்பர் போன்ற பழங்குடிக் குடும்பங்களில் சிலருக்கு அரிவாள் செல் நோய் இருக்கிறது. அவர்களுக்குச் சிவப்பணுக்களின் ஆயுளே குறைவு என்பதால் எச்பிஏ1சி பொய்யாகக் குறைத்துக் காட்டும், சராசரியாகக்கூட அதை நம்ப முடியாது.

சரி, எந்த எண் வந்தால் ஒத்துக்கொள்ளலாம்? இணையத்தில் எங்கே தேடினாலும் 70-க்குக் கீழே லோ சுகர் என்றுதான் வரும். அந்த 70, இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வைத்த எச்சரிக்கைக் கோடு. அவர்களுக்கு மருந்து உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும், இன்னும் இறங்கலாம், அதனால் முன்கூட்டியே உஷாராகச் சொல்கிறார்கள். மருந்து எதுவும் சாப்பிடாத உடம்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். சர்க்கரை 80 பக்கம் வந்தாலே கணையம் இன்சுலினைக் குறைக்கத் தொடங்கிவிடும். 65 முதல் 70 வரும்போது குளுக்ககான், அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் சுரந்து, ஈரலைத் தட்டி எழுப்பிச் சர்க்கரையை வெளியே விடச் சொல்லும். 55 பக்கம் வந்தால்தான் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு தெரியும். 50-க்குக் கீழே போனால் மூளை தடுமாறும். அதனால் சர்க்கரை நோய் இல்லாதவருக்கு 55-க்குக் கீழே என்பதுதான் கோடு, அதுவும் லேபில் எடுத்த பிளாஸ்மா அளவு.

அந்த எண் மட்டும் வந்தாலும் போதாது. நியூயார்க்கில் ஆலன் விப்பிள் என்ற அறுவை மருத்துவர் 1930-களில் கணையத்தில் வரும் இன்சுலின் கட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தார். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டுக் கட்டி இல்லை என்று மூடுவது யாருக்கும் நல்லதில்லை. கத்தி வைக்கும் முன் மூன்று விஷயங்கள் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவர் விதி வைத்துக்கொண்டார்: லோ சுகருக்கு உரிய தொந்தரவு இருக்க வேண்டும், அதே நேரத்தில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்க வேண்டும், சர்க்கரை ஏறியதும் தொந்தரவு போக வேண்டும். இன்றைக்கும் பெரிய டாக்டர்கள் கேட்பது இந்த மூன்றைத்தான். மூன்றும் சேராமல் அடுத்தகட்ட டெஸ்டுகளுக்குள் போகவே வேண்டாம் என்பதுதான் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் வழிகாட்டுதல். உங்கள் அம்மாவிடம் முதலாவதும் மூன்றாவதும் இருக்கின்றன. நடுவில் இருக்கிறதுதான் பாக்கி.

மூன்றாவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பசி மயக்கமும் சாப்பிட்டால் போகும். பதற்றமும், உட்கார்ந்து ஒரு டம்ளர் டீ குடித்தால் அடங்கும். ரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றுவதுகூட உப்பும் தண்ணீரும் உள்ளே போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் தெளியும்.

இப்போது அறிகுறிகளைப் பார்ப்போம். அவை இரண்டு வகை, இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒன்று, உடம்பு மணியடிப்பது: நடுக்கம், படபடப்பு, வியர்வை, அகோரப் பசி, உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, காரணமில்லாத பயம். இன்னொன்று, மூளைக்குச் சாப்பாடு போகாதது: பேச்சு குளறுவது, கண் மங்குவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, காரணமில்லாமல் சிடுசிடுப்பது, தெரிந்த பாதையில் வழி தவறுவது, வலிப்பு, மயக்கம். முதல் வகைக்குச் சர்க்கரை அல்லாத நூறு காரணங்கள் இருக்கலாம். இரண்டாவது வகை வந்தால் விளையாட்டு இல்லை. அது வந்தவருக்குப் பெரும்பாலும் நினைவிருக்காது என்பதால் பக்கத்தில் கொழுந்து பறிக்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். "அக்கா அன்னைக்கு என்னமோ ஒரு மாதிரி பேசிட்டு இருந்தாங்க" என்று யாராவது சொன்னால் அந்த வார்த்தையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். லேப் ரிப்போர்ட்டைவிட டாக்டருக்கு அது உதவும்.

நடுக்கம் நம் ஊரில் ஏமாற்றும். பனி விழுகிற மாதத்தில் காலையில் எல்லோருக்கும்தான் கை நடுங்கும். வியர்வை அப்படி இல்லை. ஸ்வெட்டர் போட்டும் மற்றவர்கள் விறைத்துக்கொண்டிருக்கிற இடத்தில் ஒருத்தருக்கு நெற்றியும் முதுகும் நனைகிறது என்றால் அதைக் கவனிக்க வேண்டும்.

கவனித்துவிட்டு உடனே சர்க்கரை என்று முடிவுகட்டவும் வேண்டாம், ஏனென்றால் உங்கள் அம்மாவுக்கு 47 வயது. மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் திடீரென்று உடம்பு கொதித்து, வியர்த்து, நெஞ்சு அடித்துக்கொள்வது சர்வ சாதாரணம். நம் பெண்கள் அதை யாரிடமும் சொல்வதில்லை. விலக்கு ஒழுங்காக வருகிறதா என்று மகளாகவோ மருமகளாகவோ யாராவது கேட்டால்தான் வெளியே வரும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே நடுக்கமும் வியர்வையும்தான். டிஎஸ்எச் ஒன்று எடுத்தால் தெரிந்துவிடும். ரத்தசோகை இருந்தால் சரிவில் மூட்டையோடு ஏறும்போது நெஞ்சு படபடக்கும். இதயத் துடிப்பில் கோளாறு இருந்தாலும் அப்படித்தான், அதற்கு ஈசிஜி.

பதினோரு மணி என்கிறீர்கள். அதற்கு முன் அம்மா என்ன சாப்பிட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. நான் ஊகிக்கிறேன், தப்பாக இருந்தால் மன்னிக்கவும். விடியற்காலை எழுந்து எல்லோருக்கும் சமைத்து, டப்பா கட்டி, தனக்கு மட்டும் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயும் நான்கு வர்க்கியும். ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, எனக்கும் பிடிக்கும், ஆனால் அது மைதாதான். மைதாவும் சர்க்கரையும் வேகமாக ஏறும். ஏறியதற்கு ஏற்ப இன்சுலின் சுரக்கும். சிலருக்கு அது கொஞ்சம் அதிகமாகவோ தாமதமாகவோ சுரந்து, சாப்பிட்ட நான்கு மணி நேரத்துக்குள் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கும். அதோடு மூன்று மணி நேரம் சரிவில் ஏறி இறங்கிய வேலையும் சேர்கிறது. இரைப்பையில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு இது நிஜமாகவே கடுமையாக வரும். அவர்களை விட்டால், சாப்பாட்டுக்குப் பின் நடுக்கம் என்று வருகிற பலருக்கு அந்த நேரத்தில் ரத்தம் எடுத்தால் 75, 80 என்றுதான் இருக்கும். தொந்தரவு நிஜம், லோ சுகர் கிடையாது.

இதைக் கண்டுபிடிக்க 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்க வைத்து ஐந்து மணி நேரம் குத்திக்கொண்டே இருக்கும் டெஸ்டை யாராவது எழுதினால், ஏன் என்று கேளுங்கள். வெறும் வயிற்றில் அவ்வளவு குளுக்கோஸ் குடித்தால் எந்த நோயும் இல்லாதவர்களில் சிலருக்கே ஐம்பதுக்குக் கீழே போய்வரும். அதை வைத்து நோய் என்று சொன்னால் ஊரில் கணிசமானவர்கள் நோயாளிகள்தான். சரியான முறை, எந்தச் சாப்பாட்டுக்குப் பின் தொந்தரவு வருகிறதோ அந்த மாதிரிச் சாப்பாட்டையே ஆஸ்பத்திரியில் கொடுத்து, அரை மணிக்கு ஒரு தடவை ஐந்து மணி நேரம் ரத்தம் எடுத்துப் பார்ப்பது. இதைக் கலப்பு உணவுச் சோதனை என்பார்கள்.

அதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரு நோட்டு, ஒரு நல்ல மெஷின், காலாவதியாகாத ஸ்ட்ரிப். அம்மாவுக்குத் தொந்தரவு வந்தவுடன், தெளிவாக இருக்கிறார் என்றால், முதலில் கையைக் கழுவி ஒரு தடவை பார்க்க வேண்டும், அதன் பிறகு சாப்பிட வேண்டும். நம் வீடுகளில் இதுதான் தலைகீழாக நடக்கிறது. சர்க்கரையை வாயில் போட்டு, டீ குடித்து, தெளிந்த பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய்க் குத்தினால் 98 வரும். "ஒன்றும் இல்லை" என்று ஆளை அனுப்பிவிடுவார்கள். பார்த்தபின் மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும். மணி, கடைசியாகச் சாப்பிட்டது என்ன, எப்போது, என்ன செய்துகொண்டிருந்தார், முதல் எண், இரண்டாவது எண், எத்தனை நிமிடத்தில் தெளிந்தது, இவ்வளவும் நோட்டில் இருக்கட்டும். பேச்சு குளறினாலோ ஆள் தடுமாறினாலோ மெஷினைத் தேடி ஓடாதீர்கள், முதலில் சர்க்கரை கொடுங்கள். எண் இன்னொரு நாள் கிடைக்கும்.

நான்கைந்து தடவை தொந்தரவு நேரத்தில் பார்த்தும் எப்போதும் எழுபதுக்கு மேல்தான் என்றால் சர்க்கரையை விட்டுவிட்டு மேலே சொன்ன மற்ற காரணங்களைத் தேடுங்கள். அறுபதுக்குள் வந்தால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள். உங்கள் 66 மாதிரி நடுவில் நின்றாலும் நோட்டைக் காட்டுங்கள், அந்த நேரத்தில் லேப் ரத்தம் எடுக்க வேண்டுமா என்று அவர் சொல்வார். தோளில் ஒட்டி, சர்க்கரையை இடைவிடாமல் காட்டுகிற சென்சார் பட்டையை வாங்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பேன். எந்த நோயும் இல்லாதவர்களுக்கே ஒரு நாளில் சுமார் 15 நிமிடம் அது 70-க்குக் கீழே காட்டும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலே, அழுத்தத்தில் ராத்திரி 50 என்று அலறும்.

மலைப்பக்கம் நான் பார்த்த நிஜமான லோ சுகர்களில் பலவற்றுக்குக் காரணம் கணையத்தில் இருக்கவில்லை. அலமாரியில்தான் இருந்தது. ஒரு வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை நோய், மருமகளுக்குக் கிடையாது. மருமகள் வாரத்தில் இரண்டு நாள் மயங்கி விழுகிறாள். ஸ்கேன் வரை போய்விட்டார்கள். கடைசியில் ஒரு நர்ஸ் எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுவரச் சொன்னார். மாமியாரின் கிளிமிபிரைடும் மருமகளின் சத்து மாத்திரையும் ஒரே டப்பாவில் பிரித்துப் போட்டுக் கிடந்தன. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகள் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவைக்கும். சர்க்கரை நோய் இல்லாதவர் ஒன்று சாப்பிட்டாலே இறங்கும், ஒரு நாளுக்கு மேல்கூட இறங்கிக்கொண்டே இருக்கும். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் முதலில் மாத்திரை டப்பாவைப் பிரித்து வையுங்கள்.

சாராயம் இன்னொன்று. சாப்பிடாமல் குடித்தால் ஈரலால் புதிதாகச் சர்க்கரை தயாரிக்க முடியாது, சேமிப்பு தீர்ந்ததும் விழும். ஒரு ஜனவரி இரவு, பஸ் ஸ்டாண்டில் கிடந்தவரைப் போதை என்று எல்லோரும் தாண்டிப் போயிருக்கிறார்கள். எங்களிடம் தூக்கி வந்தபோது சர்க்கரை 34, உடம்பு ஐஸ். லோ சுகரில் உடம்பு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் சக்தியும் போய்விடும் என்பதால் நம் குளிரில் அது இரட்டை ஆபத்து.

அம்மாவிடம் இன்னும் இரண்டு விஷயம் கேளுங்கள். முட்டி வலிக்கோ இளைப்புக்கோ பேர் தெரியாத பவுடர், மாத்திரை ஏதாவது மாதக்கணக்கில் சாப்பிட்டு நிறுத்தினாரா? அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், திடீரென்று நிறுத்தும்போது உடம்பு தானே சுரக்க வேண்டிய கார்ட்டிசால் என்ற ஹார்மோன் வராமல் சோர்வு, வாந்தி, லோ பிரஷர், லோ சுகர் எல்லாம் வரும். காசநோய், கார்ட்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியைத் தாக்கினாலும் அதேதான். அந்த நோயில் தோல் கறுக்கும், ஆனால் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவருக்குக் கறுப்பதை யார் கவனிப்பார்கள்? உள்ளங்கை ரேகைகளும் ஈறும் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள், அங்கே வெயில் படாது. இரண்டாவது, கடைசிப் பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி, பால் சுரக்காமல், விலக்கும் அதோடு நின்றுபோனதா? அப்படியென்றால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம். வருஷக்கணக்கில் வெறும் சோர்வாகவே தெரிந்து, ஒரு காய்ச்சலில் சர்க்கரை இறங்கி வெளியே வருகிற நோய் இது. இரண்டுக்கும் முதல் படி காலை எட்டு மணி வாக்கில் எடுக்கும் கார்ட்டிசால்.

லிச்சிப் பழத்தைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள், பர்லியாறு பக்கம் விளைகிறதே என்று. பீகாரின் முசாபர்பூரில், ராத்திரி சாப்பிடாமல் படுத்த சத்துக்குறைவான குழந்தைகள் தோட்டத்து லிச்சியை வயிறு முட்டத் தின்று, சர்க்கரை இறங்கி மூளை பாதிக்கப்பட்டது நிஜம். பழத்தில் இருக்கும் ஒரு பொருள் ஈரல் சர்க்கரை தயாரிப்பதைத் தடுக்கும். சாப்பிட்ட வயிற்றோடு பத்துப் பழம் தின்றால் ஒன்றும் ஆகாது.

இனி, தள்ளிப்போடவே கூடாதது. காலையில் எழுப்பினால் குழப்பமாக எழுந்திருப்பது, சாப்பாடு தள்ளிப்போனாலே பேச்சு தடுமாறுவது, வலிப்பு, அடிக்கடி தின்றால்தான் நிற்க முடிகிறது என்று தின்று தின்று எடை கூடுவது. இவை வந்தால் கணையத்தில் இன்சுலினோமா என்ற சிறு கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒன்று முதல் நான்கு பேருக்கு வருவது, அதனால் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். வந்தாலும் பெரும்பாலும் புற்று இல்லை, எடுத்துவிட்டால் குணம்.

அதற்கான டெஸ்ட் ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்யும் பட்டினிச் சோதனை, 72 மணி நேரம் வரை. தண்ணீர் குடிக்கலாம், நடமாடலாம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம், அறுபதுக்குக் கீழே வந்துவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. கட்டி இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். சர்க்கரை 55-க்குக் கீழே போன அந்த நேரத்தில் எடுத்த ரத்தத்தில்தான் இன்சுலின், சி-பெப்டைட், இன்சுலினின் முன்வடிவமான புரோஇன்சுலின், கொழுப்பு எரியும்போது வரும் பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் எல்லாம் பார்ப்பார்கள். சர்க்கரை அவ்வளவு குறைந்த பிறகும் இன்சுலின் 3-க்கு மேல், சி-பெப்டைட் 0.6-க்கு மேல் நின்றால் உள்ளேயிருந்து இன்சுலின் அடங்காமல் சுரக்கிறது என்று அர்த்தம். கணையம் இன்சுலினை அனுப்பும்போது கூடவே சி-பெப்டைடையும் அனுப்பும், சரக்கோடு பில் வருவது மாதிரி. இன்சுலின் மட்டும் அதிகம், சி-பெப்டைட் இல்லை என்றால் ஊசியில் போட்டது. இரண்டும் அதிகம் என்றால் கட்டியாகவும் இருக்கலாம், அந்த மாமியார் மாத்திரையாகவும் இருக்கலாம், அதனால் மாத்திரைக்கும் தனியாக ஒரு டெஸ்ட் அனுப்புவார்கள். சர்க்கரை 90 இருக்கும்போது தனியாக இன்சுலின் லெவல் எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது, அந்தக் காசுக்கு நல்ல மெஷின் வாங்கியிருக்கலாம். இந்தப் பட்டினியை வீட்டில் முயற்சி செய்யவே கூடாது. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பட்டினியில் சர்க்கரை இயல்பாகவே கீழே போகும், தொந்தரவில்லாமல் நாற்பதுகளுக்குக்கூட. எண்ணை மட்டும் பார்த்துப் பயந்துவிடுவீர்கள்.

சாக்லேட் கேட்டீர்கள். ஊட்டி ஹோம்மேட் சாக்லேட்டை விருந்தாளிக்கு வையுங்கள், லோ சுகருக்கு வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். பையில் குளுக்கோஸ் பவுடரோ மடித்த காகிதத்தில் வெறும் சர்க்கரையோ போதும். தெளிந்த பிறகு சோறோ களியோ சாப்பிட வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குக் கூப்பிடுங்கள்.

டெஸ்டுகள் ஒரு பக்கம் நடக்கட்டும். நாளையிலிருந்து அம்மா காலையில் டீ-வர்க்கிக்குப் பதில் ராகிக் களியோ இட்லியோ, கூடவே ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். தூக்கில் இன்னொரு கை சாப்பாடு, பத்து மணிக்கு. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டால் பத்து நிமிடம் கிடைக்கும். இரண்டு வாரத்தில் அந்தப் பதினோரு மணி நடுக்கம் நின்றுவிட்டது, குழப்பமோ மயக்கமோ வந்ததில்லை என்றால் பெரிய டெஸ்டுகள் தேவைப்படாமலே போகலாம். ஹீமோகுளோபினையும் டிஎஸ்எச்சையும் மட்டும் எப்படியும் பார்த்துவிடுங்கள். நிற்கவில்லை என்றால் நோட்டையும் வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் எடுக்க வரும்போது எந்த மூடி டியூப் என்று மட்டும் ஒரு கண் வையுங்கள்.